வள்ளங்களி: சொற்பொருளும் சொற்பிறப்பும் – ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கேரளத்தின் நீர்நிலைகளில் நிகழும் வள்ளங்களி என்பதைத் தமிழில் ‘படகுப் போட்டி’ என்றும் ‘பாம்புப் படகுப் போட்டி’ என்றும் பெயர்ப்பது வழக்கமாகியுள்ளது. சொற்பிறப்பு கூறுவோர் ‘வள்ளம் + களி (மகிழ்ச்சி)’ எனப் பிரித்து, இதனைத் தமிழ்ச்சொல்லின் நேர் வழக்காகக் காட்டுகின்றனர். இவ்விரு நிலைகளும் பொருந்தாமையைச் சொல்லின் புணர்ச்சி, செயப்படுபொருள் ஏற்கும் தன்மை, நிகழ்த்துமுறை ஆகிய மூன்றையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. களி என்னும் வேர் இரு மொழிகளுக்கும் பொதுவெனினும், வள்ளங்களியில் உள்ள களி தமிழின் களிப்பு அன்று என்பதும், அது தமிழின் ‘ஆட்டம்’ நிற்கும் இடத்தில் நிற்பது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வள்ளம், களி, ஆட்டம், புணர்ச்சி, சொற்பொருள் மாற்றம், மலையாளம்

சிக்கல்

ஒரு சொல் இரு மொழிகளில் ஒரே ஒலியுடன் வழங்கும்போது அதன் பொருளும் ஒன்றே என்று கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்கிறது. தமிழ் அறிந்தார்க்கு மலையாளச் சொற்களில் இம்மயக்கம் மிகுதி. சொல் முன்னரே அறிமுகமானதாகத் தோன்றுவதால் அகராதியைப் புரட்டும் தேவை எழுவதில்லை. வள்ளங்களி அத்தகைய சொல். வள்ளம் என்பது படகு, களி என்பது மகிழ்ச்சி, ஆகவே வள்ளங்களி படகில் மகிழ்தல் என்று ஒரே மூச்சில் பொருள் சொல்லிவிடலாம். மேடைப் பேச்சுகளிலும் சில கட்டுரைகளிலும் இவ்விளக்கம் ஐயமின்றி இடம்பெறுகிறது. அதன்மேல், ‘பழந்தமிழ்ச் சொல் சேரநாட்டில் இன்றும் சிதையாமல் வாழ்கிறது’ என்னும் முடிவும் ஏற்றப்படுகிறது.

மறுபுறம் இதழியல் வழக்கு இச்சொல்லைத் தொடுவதே இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்நேக் போட் ரேஸ்’ என்பதை மொழிபெயர்த்துப் ‘பாம்புப் படகுப் போட்டி’ என்று எழுதிவிடுகிறது. அப்படகுக்கு மலையாளப் பெயர் சுண்டன் வள்ளம். சுண்டு என்பது உதடு, அலகு என்று பொருள்படும். நாஞ்சில் நாட்டுத் தமிழிலும் உதட்டைச் சுண்டு என்பர். பெயர் இட்டவர்கள் படகின் கூரிய முன்பகுதியைக் கண்டு பெயரிட்டனர். ஆங்கிலேயரோ உயர்ந்து நிற்கும் பின்பகுதியைக் கண்டு படமெடுத்த பாம்பை நினைத்தனர். தமிழிதழ்கள் அண்டை மொழியின் கண்ணைவிட்டு ஆங்கிலத்தின் கண்ணைக் கடன்வாங்கியுள்ளன. தமிழரே விளங்கிக்கொள்ளத்தக்க ஒரு சொல்லைக் கைவிட்டு இதனைச் செய்தமைதான் வியப்பு.

இவ்விரண்டில் முன்னது சொல்லைத் தமிழாக்கி விழுங்குகிறது. பின்னது சொல்லையே நீக்கிவிடுகிறது.

வள்ளம்

முதற்சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. வள்ளம் தமிழில் மூன்று பொருள்களில் வழங்குகிறது. உண்கலம் அல்லது கிண்ணம் என்பது ஒன்று. இடைக்கால இலக்கியங்களில் மது அருந்தும் கிண்ணமாக இது பயில்கிறது. முகத்தலளவை என்பது மற்றொன்று. கொங்கு நாட்டில் தானியம் அளப்பதற்கும், அதன் வழியாக நிலம் அளப்பதற்கும் வள்ளம் வழங்கியது. மூன்றாவது படகு. உட்குடைவான கலம் என்னும் பொதுக்கருத்து மூன்றையும் இணைக்கிறது. கலம் என்னும் சொல்லே உண்கலத்தையும் மரக்கலத்தையும் ஒருங்கே குறிப்பதால் இந்த இணைப்புக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகே முதலில் வள்ளம் எனப்பட்டிருத்தல் வேண்டும்.

சங்க நூல்களில் படகு, கப்பல் குறித்த சொற்கள் பல. அம்பி, பஃறி, தோணி, திமில், புணை, நாவாய், வங்கம் ஆகியன எளிதில் நினைவுக்கு வருவன. படகுப் பொருளில் வள்ளம் இவற்றுடன் எண்ணப்படும் அளவுக்கு அங்குப் பயிலவில்லை. எனினும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கடற்கரைகளிலும் இன்றுவரை மீனவர் நாவில் வழங்குவது வள்ளமே. கட்டுரையாளர் பிறந்த கடற்கரையில் மரம் போய்க் கண்ணாடியிழை வந்த பின்னரும் அது ‘பைபர் வள்ளம்’தான், பைபர் படகு என்று சொல்பவர் வெளியூர்க்காரர். படகின் முன்பகுதிக்கு அணியம், பின்பகுதிக்கு அமரம் என்னும் சொற்களும் இக்கரையிலும் கேரளக் கரையிலும் பொதுவானவை. சுண்டன் வள்ளத்தின் பின்பகுதியில் நின்று திசை செலுத்துவோர் அமரக்காரர் எனப்படுகின்றனர். ஆகவே வள்ளம் இரு கரைகளின் பொதுச்சொத்து. தமிழிலிருந்து மலையாளம் பெற்றது என்றோ, மறுதலையாகவோ சொல்ல இங்கு எவ்விதத் தேவையும் இல்லை.

களி: தமிழில்

தமிழில் களி என்னும் வினையும் பெயரும் கள்ளோடு நெருக்கமானவை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ‘களித்தான்’ என்பது மகிழ்ந்தவனைக் குறிக்கவில்லை. கள்ளுண்டு மயங்கியவனையே குறிக்கிறது. புணர்ச்சி விதும்பல் அதிகாரத்தின் முதற்குறளில் களித்தலும் மகிழ்தலும் அடுத்தடுத்து நின்று, கள்ளோடு ஒப்பிடப்பட்டு, காமத்தின் தனித்தன்மை பேசப்படுகிறது. களிமகன் என்றால் குடியன். மகிழ் என்னும் சொல்லும் பழந்தமிழில் கள்ளையும் கள்ளால் வரும் நிலையையும் குறித்துப் பின்னர் பொதுவான இன்பத்துக்கு ஆகிவந்ததை நினைக்க, களியின் வளர்ச்சியும் அவ்வழியதே எனக் கொள்வதில் தடையில்லை. கள், களி என்பவற்றின் உறவும் இயல்பானது.

ஆயினும் இவ்வளர்ச்சி தமிழில் ஓர் எல்லையோடு நின்றது. களித்தல் மனநிலையைச் சுட்டும் வினையாகவே நிலைத்தது. அது செயப்படுபொருள் ஏற்பதில்லை. ‘வெற்றியால் களித்தான்’ என்னலாம். ‘பந்தைக் களித்தான்’ என்னல் ஆகாது. களியாட்டம் என்னும் கூட்டுச்சொல்லிலும் ஆடுதலாகிய செயலைச் சுட்டுவது ஆட்டம். களி அதற்கு அடையாகி, மயக்கமும் கட்டின்மையும் கலந்த மகிழ்ச்சியை உணர்த்துகிறது.

களி: மலையாளத்தில்

மலையாளத்தில் நிலைமை வேறு. களிக்குக என்பது விளையாடுதல், ஆடுதல், நடித்தல் என்னும் பொருள்களில் செயப்படுபொருள் ஏற்கும் வினை. பந்து களிக்கலாம், சீட்டுக் களிக்கலாம், கதையைக் களிக்கலாம். விளையாட்டுத் திடல் களிக்களம். விளையாட்டுப் பொருள் களிப்பாட்டம். கேலி செய்தல் களியாக்குதல். கதகளி, கோல்களி, மார்க்கங்களி, பரிசமுட்டுகளி, கைகொட்டிக்களி என்று இச்சொல் ஈற்றில் நிற்கும் கலைகள் பல. இவற்றில் இந்துக் கோயில் சார்ந்தனவும், சிரியன் கிறித்தவர், மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிகழ்த்துவனவும் உண்டு. சமயம் மாறினாலும் சொல் மாறாததிலிருந்து, களி அங்கு ஒரு குறிப்பிட்ட உணர்ச்சியின் பெயராக இல்லாமல் நிகழ்த்துதலின் பெயராகியுள்ளமை விளங்கும்.

இவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களை அருகில் வைத்து நோக்கினால் ஒழுங்கு ஒன்று வெளிப்படுகிறது. கோல்களிக்குத் தமிழில் கோலாட்டம், பந்துகளிக்குப் பந்தாட்டம், சீட்டுகளிக்குச் சீட்டாட்டம். மலையாளத்தில் களி நிற்கும் இடத்தில் தமிழில் ஆட்டம் நிற்கிறது. ஆடு என்னும் தமிழ் வினையும் அசைதல், நீரில் மூழ்குதல், கூத்தாடுதல், விளையாடுதல் எனப் பரந்து விரிவது. நீராடல், புனலாடல் என்பனவற்றை நினைக்க. பரிபாடலின் வையைப் பாடல்கள் காட்டும் நீர்விழாவுக்கு வழங்கும் சொல்லும் ஆடலே. எனவே வள்ளங்களி என்பதற்குத் தமிழில் நேர்ப்பொருள் சொல்ல வேண்டுமாயின் ‘வள்ளமாட்டம்’ என்பதே பொருந்தும். படகுக் களிப்பு என்பது பொருந்தாது.

இடையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மார்கழித் திருவாதிரை நாளில் தமிழர் வீடுகளில் செய்யப்படும் உணவு திருவாதிரைக் களி. தனுமாதத் திருவாதிரையில் கேரள மகளிர் ஆடும் ஆடல் திருவாதிரக்களி. ஒரே நாள், ஏறக்குறைய ஒரே சொல். ஆனால் தமிழ்க்களி வாயில் இடுவது, மலையாளக்களி காலால் ஆடுவது. குழைந்த உணவைக் குறிக்கும் களி வேறு சொல் என்பதைத் தமிழ் அகராதிகள் தனிப்பதிவாகவே காட்டுகின்றன. ஒலியொப்புமை மட்டும் கொண்டு முடிவுக்கு விரைவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

புணர்ச்சி தரும் சான்று

மேற்கூறிய பொருள் வேறுபாட்டுக்குச் சொல்லின் உள்ளேயே சான்று உண்டு. இதுவரை இதனை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. மலையாளத்தில் மகர ஈற்றுச் சொல்லுடன் களி சேரும்போது இருவகை வடிவம் கிடைக்கிறது. ஓணம் + களி என்பது ஓணக்களி ஆகிறது. மகரம் கெட்டு ககரம் இரட்டிக்கிறது. வள்ளம் + களி என்பதோ வள்ளக்களி ஆகவில்லை; மகரம் நின்று, ஒலிப்பில் ஙகரமாகி, வள்ளங்களி ஆகிறது. இது வள்ளம் என்னும் சொல்லின் தனித்தன்மையும் அன்று. வள்ளக்காரன், வள்ளக்கடவு, வள்ளப்பாடு என்னும் சொற்களில் மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தே வருகிறது. (வள்ளப்பாடு என்பது ஒரு வள்ளத்தின் நீளம், எத்தனை வள்ளப்பாடு முந்தியது என்று பந்தய வருணனையில் கேட்கலாம்.)

ஒரே நிலைமொழி, ஒரே வருமொழி முதலெழுத்து. ஆயினும் புணர்ச்சி வேறு. காரணம் தொகையின் உறவில் உள்ளது. ஓணக்களி என்பது ஓணத்தின்போது ஆடும் களி. ஓணம் களிக்கு அடை. வள்ளக்காரன் என்பதிலும் வள்ளம் அடையே. வள்ளங்களியில் வள்ளம் அடையாக நிற்கவில்லை; களித்தல் என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கிறது. கயிறிழுத்தலைக் குறிக்கும் வடம்வலி என்பதும் இவ்வாறே மகரம் கெடாமல் வரும் தொகை. ஏ.ஆர். ராஜராஜவர்மாவின் கேரளபாணினீயம் (1896) முதலான மலையாள இலக்கணங்களும் அடையும் அடைகொளியுமான சொற்களுக்கிடையே வல்லினம் இரட்டிப்பதை விதியாகச் சொல்கின்றன.

தமிழ் இலக்கண மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியத் தொகைமரபு இரண்டாம் வேற்றுமைத் தொகையின் புணர்ச்சி பொதுவிதியினின்று விலகுவதை ‘ஐகார வேற்றுமைத் திரிபு’ என்று தனித்துக் கூறுகிறது. மரக்கிளை, மரங்கொத்தி என்னும் இரு சொற்களை நோக்குக. மரத்தினது கிளை என்னுமிடத்து மகரம் கெட்டு வலி மிகுந்தது. மரத்தைக் கொத்துவது என்னுமிடத்து மகரம் இனமெல்லெழுத்தாகத் திரிந்தது. ஓணக்களியும் வள்ளங்களியும் மரக்கிளையும் மரங்கொத்தியும் போன்றவை.

இவ்விளக்கத்துக்கு எதிராக இரண்டு சொற்களைக் காட்டலாம். ஒன்று கதகளி. திருவாதிரக்களியில் இரட்டித்த ககரம் கதகளியில் இரட்டிக்கவில்லை; கதையைக் களித்தல் என்று கொண்டால் நம் விளக்கத்துக்கு இது துணை. ஆனால் கதை வடசொல்லாதலால் இரட்டிக்கவில்லை என்று கூறவும் இடமுண்டு. ஆதலின் கதகளியை வலுவான சான்றாகக் கொள்ளவில்லை. மற்றொன்று மார்க்கங்களி. இங்கும் மகரம் கெடவில்லை. ஆனால் மார்க்கத்தை எவ்வாறு ‘களிப்பது’? மார்க்கம் என்பது இங்கு தோமையாரின் வரலாற்றையும் சமயநெறியையும் சொல்லும் பாட்டின் பொருளாகி, அப்பாட்டையே ஆடிக்காட்டுதல் களி எனப்பட்டது என்று கொள்ளின் இடர்ப்பாடு நீங்கும். இது கருத்தளவையே. சான்றின் சுமையைத் தாங்குவது ஓணக்களி – வள்ளங்களி வேறுபாடே.

இதனால் பெறப்படுவது: வள்ளங்களி என்னும் தொகை உருவானபோதே களி செயப்படுபொருள் குன்றாவினையாகிவிட்டது. ‘படகில் மகிழ்தல்’ என்னும் பொருளில் இச்சொல் ஒருபோதும் தோன்றியிருக்க இயலாது. அவ்வாறு தோன்றியிருப்பின் அது வள்ளக்களி ஆகியிருக்கும்.

பிற சொற்பிறப்புகள்

களியை வடமொழிக் கேளி என்பதிலிருந்து வருவிப்போர் உளர். விளையாட்டு என்னும் பொருள் ஒற்றுமை அவர்களுக்குத் துணை. ஆனால் நெட்டெழுத்து ஏகாரம் குற்றெழுத்து அகரமாதற்குக் காரணம் காட்டப்படவில்லை. தமிழில் கேளியிலிருந்து வந்தது கேளிக்கை. அங்கு ஏகாரம் மாறாமல் நிற்கிறது. பூசலைக் குறிக்கும் வடமொழிக் கலியோடு இணைப்பது அதனினும் வலுவற்றது. லகர ளகர வேறுபாட்டைக் கவனியாது விடினும், பூசலிலிருந்து கைகொட்டிக்களிக்கு வரும் பொருள்வழி ஒன்றுமில்லை. இவற்றை நீட்டித்து மறுக்க வேண்டியதில்லை.

தமிழ் ஆய்வாளரிடையே நிலவும் மற்றொரு கருத்துத்தான் மறுக்கத்தக்க வலிமை உடையது: தமிழின் களிப்பே மலையாளத்தில் ‘திரிந்து’ விளையாட்டாயிற்று என்பது. திரிபு என்னும் சொல்லுக்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்துள்ளது. மயக்கத்திலிருந்து மகிழ்ச்சிக்குத் தமிழ் நகர்ந்ததை வளர்ச்சி என்றும், மகிழ்ச்சியிலிருந்து ஆட்டத்துக்கு மலையாளம் நகர்ந்ததைத் திரிபு என்றும் சொல்வதற்கு மொழியியல் அடிப்படை எதுவுமில்லை. இரண்டும் ஒரே வேரின் கிளைகள். மேலும், ஆட்டப் பொருள் கேரளத்துக்குள் மட்டும் அடங்கியதும் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோல் கொண்டு ஆடும் நாட்டார் கலைக்குக் களியல் என்று பெயர். களியலாட்டம் என்று ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்வது, பெயரின் முதற்பகுதியில் ஆட்டப்பொருள் இருப்பதை மறந்த பிற்காலத் தமிழ்ச் செவிக்காக இருக்கலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும் பின் திருவாங்கூர்–கொச்சியின் பகுதியாகவும் இருந்த நிலம் இது. மலையாளத் தாக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வழக்குச் சொற்களின் எல்லை அரசுகளின் எல்லையோடு ஒத்துச் செல்ல வேண்டியதில்லை.

போட்டியா, களியா?

சொல்லின் பொருளை நிகழ்வுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆறன்முளைப் பார்த்தசாரதி கோயிலைச் சார்ந்து சிங்கமாத உத்திரட்டாதியில் பம்பையாற்றில் நிகழும் வள்ளங்களியில் வரும் படகுகள் பள்ளியோடங்கள் எனப்படுகின்றன. அவை அந்தந்தக் கரையின் உடைமை. தெய்வத்தன்மை உடையனவாகக் கருதப்படுவன. வஞ்சிப்பாட்டுக்கு ஏற்பத் துழைவதே அங்கு முதன்மை. யார் முந்துகிறார் என்பதைவிடப் பாட்டும் துழைமுறையும் போற்றப்படும் மரபு அது. சம்பக்குளத்தில் மிதுனமாத மூலநாளில் நிகழும் வள்ளங்களியோ, அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலுக்குத் திருவுருவம் கொண்டுவரப்பட்ட நீர்வழிப் பயணத்தை நினைவுகூர்வதாக ஐதிகம். இவ்விரண்டிலும் சொல்லின் பழம்பொருள் தெளிவாகவே உள்ளது: வள்ளத்தை ஆடுதல்.

1952இல் ஜவகர்லால் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது நிகழ்ந்த வள்ளங்களியும், அதையொட்டி அவர் வழங்கிய சுண்டன் வள்ள வடிவிலான வெள்ளிக் கோப்பையும் புதிய திருப்பத்தைத் தந்தன. புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் நிகழும் நேரு கோப்பை கோயிலோடு இணைந்ததன்று. தடம், நேரம், இறுதிக்கோடு என்பவற்றால் ஆனது. 2019இல் தொடங்கிய சாம்பியன்ஸ் போட் லீக் இதனை மேலும் இறுக்கியது. 2024ஆம் ஆண்டு நேரு கோப்பையில் காரிச்சால் சுண்டன் வீயபுரம் சுண்டனை வென்றது 0.005 விநாடி வேறுபாட்டில். கண்ணிமைப்பினும் சிறிய அந்த இடைவெளிக்குள் ஆடலுக்கு இடமில்லை, அது போட்டியே. அப்படியானால் ‘படகுப் போட்டி’ என்னும் பெயர்ப்பு சரிதானே என்று வினவலாம்.

இதற்கு மலையாளமே விடை தருகிறது. போட்டி என்பதைக் குறிக்க வேண்டிய இடங்களில் மலையாள இதழ்கள் ‘வள்ளங்களி மத்சரம்’ என்று எழுதுகின்றன. களியில் போட்டிப் பொருள் அடங்கியிருந்தால் மத்சரம் மிகையாகும். (பொறாமையைக் குறிக்கும் வடசொல் மலையாளத்தில் போட்டிக்குப் பெயரானது தனிக்கதை, தமிழ் அச்சொல்லை மாற்சரியத்தோடு நிறுத்திக்கொண்டது.) நிகழ்வு போட்டியான பின்னும் சொல் போட்டியாகவில்லை.

ஐரோப்பியச் சொல் ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். வெனிசு நகரப் பேச்சிலிருந்து பரவிய ரெகாட்டா இன்று உலகெங்கும் படகுப் போட்டிக்குப் பெயர். அதன் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு; வரிசையைக் குறிக்கும் ரீகாவிலிருந்து வருவிப்போரும் துழைதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருவிப்போரும் உளர். ஆயினும் மேலாண்மைக்காக முட்டிமோதுதல் என்னும் பொருளுடைய பழைய இத்தாலிய வினையே மூலம் என்பது வலுவான கருத்து. அவ்வாறாயின் ரெகாட்டாவில் போட்டி வேரிலேயே உள்ளது. படகு பின்னர் வந்து சேர்ந்தது. வள்ளங்களியில் படகு சொல்லின் முதலிலேயே உள்ளது. போட்டி இன்னும் சொல்லுக்குள் நுழையவில்லை. 1898இல் தொடங்கிய சென்னை–கொழும்புத் துடுப்புப் பந்தயத்தை ரெகாட்டா என்பதும் அதனைப் படகுப் போட்டி எனப் பெயர்ப்பதும் பொருந்தும். ஆறன்முளையில் நிகழ்வதற்கு அதே பெயர்ப்பை இடுவது பொருந்தாது.

ஆகவே இச்சொல்லை மொழிபெயர்க்காமல் வள்ளங்களி என்றே தமிழில் எழுதலாம். வள்ளத்தையும் களியையும் அறிந்த மொழிக்கு அது கடன்சொல்லாகத் தோன்றாது. ‘வள்ளம் களி’ என்று பிரித்தோ ‘வல்லம் கலி’ என்று ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றியோ எழுதுவது தவிர்க்கத்தக்கது; பின்னது லகர ளகர வேறுபாட்டை இழந்து சொல்லை அடையாளம் தெரியாததாக்குகிறது. அகராதியில் பதிவிடுங்கால் களிப்பு என்பதன்கீழ் இதனை அடக்காமல், ‘களி: ஆட்டம், நிகழ்த்துகை, மலையாளத்திலும் குமரி வட்டாரத்திலும்’ எனத் தனிப்பொருளாகக் காட்டி, களியலையும் அங்கேயே சேர்த்தல் வேண்டும்.